போர் விமானக் குழுவினரைச் சந்திக்கப் போகிறீர்களா? சுபாங்கில் நான் கற்றுக்கொண்டவை

ஆகஸ்ட் மாதத்தின் இரண்டாம் பாதியில், கோலாலம்பூருக்கு அருகே சுபாங் விமான நிலையத்தைச் சுற்றியுள்ள சுபாங், ஆரா டமன்சாரா, கிளானா ஜெயா பக்கம் குடியிருப்பவர்களுக்கு நாள்காட்டி தேவையில்லை. காலையில் ஜன்னல் கண்ணாடி ஒருமுறை அதிர்ந்தால் போதும், மெர்டேக்கா எனும் சுதந்திர தின அணிவகுப்பின் ஒத்திகைக்குப் போர் விமானங்கள் வந்துவிட்டன என்று தெரிந்துவிடும். மற்ற மாதங்களில் இங்கே நாங்கள் பார்ப்பது விசிறி வைத்த ஏடிஆர் பயணிகள் விமானம், ஹெலிகாப்டர், தனியார் ஜெட், 2024 ஆகஸ்டிலிருந்து திரும்பி வந்திருக்கும் பயணிகள் ஜெட் இவைதான். ஆகாயப் படையின் போக்குவரத்து விமானங்களான சி-130 ஹெர்குலிஸும் ஏ400எம்மும் சுபாங்கிலேயே இருப்பவை என்பதால் அவையும் பழக்கப்பட்ட முகங்கள். போர் விமானங்களான ஹார்னெட்டும் சுகோயும் அப்படியில்லை. ஹார்னெட் பட்டர்வொர்த்திலிருந்து வர வேண்டும், சுகோய் கிழக்குக் கரையில் உள்ள கோங் கெடாக்கிலிருந்து வர வேண்டும். அதனால்தான் அந்தச் சில நாட்களுக்கு வேலிக்கு வெளியே இத்தனை கேமராக்கள்.

சுபாங் 1965இல் திறக்கப்பட்டு, 1998இல் கேஎல்ஐஏ என்ற புதிய அனைத்துலக விமான நிலையம் வரும்வரை கோலாலம்பூரின் முதன்மை விமான நிலையமாக இருந்தது. அன்றைய பெரிய விமானங்களுக்காகப் போட்ட 3,780 மீட்டர் ஓடுபாதை இன்றும் இருக்கிறது. ஒரு பக்கம் பயணிகள், இன்னொரு பக்கம் ஆகாயப் படை, நடுவில் இருவருக்கும் பொதுவான அந்த ஓடுபாதை. இரண்டு ஹார்னெட்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பிப் போகும்வரை, பினாங்குக்குப் போகிற ஏடிஆர் ஒன்று ஓரமாக நின்று காத்திருப்பதை நீங்கள் இங்கே பார்க்கலாம். பட்டர்வொர்த்தில் தளத்துக்குள் நம்மால் போக முடியாது. லங்காவியின் லீமா விமானக் கண்காட்சியில் கூட்டம் நெரியும், கயிற்றுக்கு அப்பால் நிற்கும் விமானியிடம் ஒரு வார்த்தை பேசுவதற்குள் பின்னால் இருப்பவர் தள்ளுவார். பொது விமான நிலையத்தில் சின்னக் குழுவாகச் சந்திக்க வாய்ப்பு வந்தால், வேலையை ஒத்திவைத்தாவது போக வேண்டும் என்பது என் கருத்து.

எங்களுக்கு அப்படி ஒரு வாய்ப்பு வந்தது. கிள்ளான், பெட்டாலிங் ஜெயா, ஷா ஆலம் என்று சிதறிக் கிடக்கும் விமானப் பிரியர்கள் நாங்கள். வார இறுதியில் ஏதாவது ஒரு மாமாக் கடையில் கூடிப் படங்களைக் காட்டிக்கொள்வோம். அதில் ஒருவர் பல மாதங்கள் கடிதப் போக்குவரத்து நடத்தி, ஒத்திகை இல்லாத ஒரு காலைப் பொழுதில் ஹார்னெட் குழுவினரைச் சந்திக்க அனுமதி வாங்கினார். முழுப் பெயர், அடையாள அட்டை எண், வண்டி எண், கேமரா விவரம் எல்லாம் முன்கூட்டியே கொடுத்தோம். இதில் யாரும் முகம் சுளிக்கக் கூடாது. கடைசி நேரத்தில் "என் மச்சானும் வரட்டுமே" என்று ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனால், அனுமதி வாங்கித் தந்தவருடைய பெயர் கெடும். அடுத்த முறை கதவு திறக்காது.

நான் அக்கா மகளை அழைத்துப் போயிருந்தேன். இரண்டாம் படிவம் படிக்கிறாள். வழி நெடுக அவளிடம் சொன்னது ஒன்றுதான்: "கேள்வியை இப்பவே யோசிச்சு வச்சுக்கோ. அங்க போனதும் வாய் அடைச்சிடும்." எனக்குத் தெரிந்த எல்லாப் பிரியர்களும் லென்ஸ், பேட்டரி, கார்டு என்று ஆயத்தம் செய்கிறார்கள், கேள்விக்கு ஆயத்தம் செய்பவர் மிகக் குறைவு. விமானத்தை வேலிக்கு வெளியிலிருந்தே நன்றாகப் படம் எடுத்துவிடலாம். அதை ஓட்டுபவரின் வாயிலிருந்து வரும் பேச்சு வேலிக்கு வெளியே கிடைக்காது. அந்த அரை மணி நேரத்தையும் கேமராவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கழிப்பது பெரிய இழப்பு.

வாசலில் சொன்ன விதிகளை அப்படியே எழுதுகிறேன், எங்கே போனாலும் இவை பொருந்தும். மூடிய காலணி கட்டாயம், செருப்பு கூடாது. தொப்பியைக் கழற்றிப் பைக்குள் வையுங்கள். குடை, பிளாஸ்டிக் பை, மிட்டாய்த் தாள் எதுவும் கையில் வேண்டாம். லென்ஸ் மூடியை ஜிப் உள்ள பையில் போடுங்கள். காரணம், ஜெட் எஞ்சின் முன்னால் இருப்பதையெல்லாம் உறிஞ்சும். தரையில் கிடக்கும் ஒரு சின்னத் திருகாணி உள்ளே போனாலும் சுழலும் இதழ்கள் சேதமாகிவிடும். நாங்கள் நடந்து போன தரையை எங்களுக்கு முன்பே வீரர்கள் வரிசையாக நடந்து, குனிந்து குனிந்து பார்த்துப் பொறுக்கியிருந்தார்கள். விமானத்தைத் தொடக் கூடாது என்பதற்கும் காரணம் இருக்கிறது. மூக்கின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னச் சின்னக் குழாய்களும் தகடுகளும்தான் வேகத்தையும் காற்று வரும் கோணத்தையும் அளப்பவை. பார்க்க ஒன்றுமில்லாதது போல இருக்கும். ஒன்று வளைந்தால் அன்றைக்கு அந்த விமானம் பறக்காது.

முதலில் எப்படி அழைப்பது? அதிகாரிகளை ஆணென்றால் 'துவான்', பெண்ணென்றால் 'புவான்'. நம் ஆகாயப் படையில் தரைப்படையைப் போலவே கேப்டன், மேஜர், லெப்டினன்ட் கர்னல் என்றுதான் பதவிப் பெயர்கள் வரும். தோளில் உள்ள அடையாளம் புரியவில்லையா, துவான் என்று ஆரம்பியுங்கள், தவறே வராது. மலாயில் தொடங்குவது மரியாதை. அப்புறம் அவர்களே எந்த மொழியில் பேசலாம் என்று காட்டிவிடுவார்கள்.

எங்கள் கூட்டம் நேராக விமானியைச் சூழ்ந்துகொண்டது. எப்போதும் அப்படித்தான். ஹார்னெட்டில் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்பதையே பலர் மறந்துவிடுகிறார்கள். மலேசியா வாங்கியது எப்/ஏ-18டி ரகம், 1997இல் எட்டு விமானங்கள் வந்தன. எல்லாமே இரட்டை இருக்கை. முன்னால் விமானி, பின்னால் ஆயுத அமைப்பு அதிகாரி. அவர்களுக்குள் 'விஸ்ஸோ' என்பார்கள். ராடார், உணர்கருவிகள், வழித்தடம், வானொலி, ஆயுதம் என்று விஸ்ஸோவின் கைக்கு ஓய்வே இருக்காது. சுகோய் சு-30எம்கேஎம்மும் இரட்டை இருக்கைதான். கூட்டம் விமானியிடம் இருக்கும்போது விஸ்ஸோ பெரும்பாலும் கொஞ்சம் தள்ளித் தனியாக நிற்பார். நேராக அவரிடம் போங்கள்.

நாங்கள் போனோம். அக்கா மகள் யோசித்து வைத்திருந்த கேள்வியைக் கேட்டாள்: "பின்னால உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கிட்டே இருக்கும்போது விமானம் சட்டுனு திரும்பினா தலை சுத்தாதா?" நான்தான் மலாயில் சொன்னேன். அந்த அதிகாரியின் முகம் மலர்ந்துவிட்டது. "இதை யாருமே கேட்கிறதில்லை" என்றார்.

அவர் சொன்ன விளக்கம் இது. விமானி கட்டுப்பாட்டுக் கம்பியைத் தன் கையால் இழுக்கிறார், அதனால் அவருடைய உடம்பு முன்கூட்டியே தயாராகிவிடும். பின்னால் இருப்பவருக்கு அந்த முன்னறிவிப்பு இல்லை. குனிந்து திரையைப் பார்க்கும் நேரத்தில் திடீரென்று விசை வந்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும். ஹார்னெட் ஏழரை மடங்கு ஈர்ப்பு விசை வரை போகக்கூடியது. அறுபது கிலோ ஆள் அந்த நேரத்தில் 450 கிலோவாக இருக்கையில் அழுந்துவார். தலைக்கவசமும் முகமூடியும் சேர்ந்து இரண்டு கிலோ என்றாலும் கழுத்துக்கு அது பதினைந்து கிலோ. ஆகவே திருப்பத்துக்கு முன்னால் விமானி ஒரே ஒரு சொல் சொல்வார். அந்தச் சொல் காதில் விழுந்ததும் இவர் தலையை இருக்கையில் சாய்த்து, காலையும் வயிற்றையும் இறுக்கி, மூச்சைப் பிடித்துப் பிடித்து விடுவார். இடுப்பிலும் காலிலும் அணிந்திருக்கும் உடையில் காற்று நிரம்பி ரத்தம் கீழே இறங்காமல் அழுத்திப் பிடிக்கும். உடை பாதி வேலைதான் செய்யும், மீதி தசைதான் என்றார். தன் தொடையைச் சுற்றியிருந்த அந்த உடையின் பட்டையை அவிழ்த்து, காற்றுக் குழாய் எங்கே மாட்டுகிறது என்று அவளுக்குக் காட்டினார். அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள். அதற்கு அனுமதி அவரே கொடுத்தார்.

இன்னொருவர் வால் பக்கத்துக் கொக்கியைப் பற்றிக் கேட்டார். நம் நாட்டில் விமானந்தாங்கிக் கப்பல் கிடையாதே, கொக்கி எதற்கு? ஹார்னெட் முதலில் கப்பலுக்காக வடிவமைத்த விமானம், அதனால்தான் இறக்கை மடியும், சக்கரத் தாங்கி அத்தனை தடிமனாக இருக்கும். தரையிலும் கொக்கிக்கு வேலை உண்டு. பிரேக் பழுதாகிவிட்டால், அந்த வசதி உள்ள தளங்களில் ஓடுபாதைக்குக் குறுக்கே கட்டிய கம்பி வடத்தைப் பிடித்து நின்றுவிடலாம். சுகோயில் கொக்கி இல்லை, அது தரை தொட்டதும் பின்னால் பாராசூட்டை விரிக்கும். இரண்டும் அடுத்தடுத்து இறங்குவதை நீங்கள் பார்க்கப் போனால் இந்த வேறுபாட்டைக் கவனித்துப் படம் எடுங்கள்.

மெர்டேக்கா அணிவகுப்பைப் பற்றியும் நிறையப் பேசினார்கள். கீழே நின்று பார்க்கும் நமக்குப் பத்து வினாடிக் காட்சி. அவர்களுக்கு அது வினாடிக் கணக்குப் பரீட்சை. மேடை முன்னால் குறித்த நொடியில் வர வேண்டும். தரையில் நிகழ்ச்சி தாமதமானால் வெளியே வட்டமடித்துக்கொண்டு காத்திருந்து, தகவல் வந்ததும் வேகத்தைக் கூட்டிக் குறைத்து நேரத்தைச் சரிக்கட்ட வேண்டும். கோலாலம்பூர் நகருக்குள் அணிவகுப்பு என்றால் 452 மீட்டர் இரட்டைக் கோபுரம், 678.9 மீட்டர் மெர்டேக்கா 118 எல்லாம் கணக்கில் வரும். ஆகஸ்ட், செப்டம்பர் என்றால் சுமத்ராவிலிருந்து வரும் புகைமூட்டம் வேறு. மேகத்தைவிடப் புகைமூட்டம்தான் தொல்லை என்றார் விமானி. மேகம் எங்கே தொடங்குகிறது எங்கே முடிகிறது என்று தெரியும், புகைமூட்டத்தில் அது தெரியாது.

எதைக் கேட்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எத்தனை விமானம் இப்போது பறக்கும் நிலையில் இருக்கிறது, ராடார் எவ்வளவு தூரம் பார்க்கும், அடுத்த பயிற்சி எங்கே, என்ன ஆயுதம் மாட்டுவீர்கள் — இந்தப் பேச்சே வேண்டாம். 1972ஆம் ஆண்டின் அதிகாரத்துவ இரகசியச் சட்டம் அவர்கள் தலைக்கு மேல் இருக்கிறது. நாம் ஆர்வத்தில் கேட்பது அவர்களுக்குச் சங்கடம். ஒரு கேள்விக்குப் புன்னகை மட்டும் பதிலாக வந்தால், அந்த இடத்தில் நிறுத்திக்கொண்டு வேறு பேச்சுக்குப் போய்விடுங்கள்.

விபத்தைப் பற்றிய கேள்வியும் அப்படித்தான். 2025 ஆகஸ்ட் 21 இரவு, குவாந்தான் விமான நிலையத்தில் ஒரு ஹார்னெட் புறப்படும்போதே விபத்துக்குள்ளானது. விமானி, விஸ்ஸோ இருவரும் இருக்கையோடு வெளியேறி உயிர் தப்பினார்கள். சின்னப் படைப்பிரிவு அது, எல்லோரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். "குதிச்சா எப்படி இருக்கும்?" என்று விளையாட்டாகக் கேட்பது அவர்கள் மனத்தைப் புண்படுத்தும். அந்த இருக்கை எப்படி வேலை செய்கிறது என்று கேளுங்கள், மனம் விட்டுச் சொல்வார்கள். கண்ணாடிக் கூரை பறந்ததும் பின் இருக்கை முதலில் போகும், நொடியின் ஒரு பகுதி கழித்து முன் இருக்கை. முன்னவர் முதலில் போனால் அவருடைய ராக்கெட் நெருப்பு பின்னவர்மேல் படும். இப்படி ஒரு விவரத்தைக் கேட்ட பிறகு, அந்த இரண்டு பேருக்கும் இடையே எவ்வளவு நம்பிக்கை வேண்டும் என்பது நமக்குத் தானாகவே புரியும்.

அன்றைக்கு எனக்குக் கிடைத்த பெரிய செல்வம் விமானிகளிடமிருந்து வந்ததல்ல. விமானத்தின் இடது பக்கம், கருவிப் பெட்டியோடு ஒரு சார்ஜன் நின்றுகொண்டிருந்தார். நானும் அக்கா மகளும் தமிழில் பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்திருக்கிறது. "அண்ணே, கிள்ளானா?" என்றார். சுங்கைப் பட்டாணிக்காரர், எஞ்சின் தொழில்நுட்பர். அவரைச் சுற்றி ஒருவரும் இல்லை.

"பாப்பா, இங்க வா" என்று அவளைக் கூப்பிட்டு, பெட்டியின் ஒவ்வொரு இழுப்பறையையும் திறந்து காட்டினார். கருப்பு நுரைப்பஞ்சில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதே வடிவத்தில் பள்ளம் வெட்டியிருந்தது. பள்ளத்துக்கு அடியில் மஞ்சள் நிறம். ஒரு கருவி எடுக்கப்பட்டிருந்தால் மஞ்சள் பளிச்சென்று தெரியும். வேலை முடிந்து பெட்டியை மூடும்போது ஓரிடத்தில் மஞ்சள் தெரிந்தால், அந்தக் கருவி கிடைக்கும்வரை விமானம் நகராது. எத்தனை மணி நேரமானாலும் தேட வேண்டும். பிறகு காற்று உள்ளே போகும் வாயைக் காட்டினார். பறப்பதற்கு முன், சட்டைப் பைகளைக் காலி செய்துவிட்டு, கைவிளக்கோடு அதற்குள் தவழ்ந்து போய் எஞ்சினின் முன் இதழ்களைத் துழாவிப் பார்ப்பார்களாம். விளிம்பில் சின்ன வெட்டு இருக்கிறதா என்று கண்ணாலும் விரலாலும் பார்க்க வேண்டும். "கண்ணு ஏமாத்திடும் அண்ணே, விரல் ஏமாத்தாது" என்றார். அவருடைய விரல் நுனிகள் காய்த்துப் போயிருந்தன. ஹார்னெட்டில் இரண்டு எப்404 எஞ்சின்கள். இரண்டையும் இப்படிப் பார்த்து, பறக்கும் முன் கழற்ற வேண்டிய மூடிகளிலும் ஊசிகளிலும் தொங்கும் சிவப்பு நாடாக்களை எல்லாம் கழற்றி எண்ணிப் பார்த்து, பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் விமானி விமானத்தை ஏற்றுக்கொள்வார். விமானியும் சுற்றி வந்து ஒருமுறை பார்ப்பார், அவரும் கையெழுத்துப் போடுவார்.

"நீங்க பறந்திருக்கீங்களா?" என்று அவள் கேட்டாள். "இல்ல பாப்பா. ஆனா நான் கையெழுத்து போடாம இது பறந்ததில்ல" என்றார். ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு, போர் விமானத்தின் பக்கத்தில் நின்று தமிழில் இப்படி ஒருவர் பேசியதன் மதிப்பை நான் எப்படிச் சொல்வது? நம் வீடுகளில் டாக்டர், வழக்கறிஞர் என்ற பேச்சு வரும் அளவுக்கு இந்த வேலைகளைப் பற்றிய பேச்சு வருவதில்லை. வர வேண்டும். பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் கட்டாயம் தரைக் குழுவினரிடமும் பேச வையுங்கள். பறக்க ஆசைப்படும் பெண் பிள்ளைகளுக்குச் சொல்ல நம் நாட்டிலேயே ஒருவர் இருக்கிறார்: சபாவின் சண்டாக்கானைச் சேர்ந்த பெட்ரிசியா யாப், மிக்-29 போர் விமானத்தை ஓட்டியவர். இனி வரப் போகும் விமானங்களும் இருக்கின்றன. 2023இல் 18 எப்ஏ-50 இலகுரகப் போர் விமானங்களுக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. அவற்றைத் தொட்டுப் பழுது பார்க்கப் போகும் கைகள் இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில்தான் இருக்கின்றன.

படம் எடுப்பதைப் பற்றிக் கொஞ்சம். சுபாங்கில் பத்து மணிக்கு மேல் ஓடுபாதையின் சூடு ஏறிவிடும், தூரத்து விமானம் அலை அலையாகத் தெரியும், எவ்வளவு விலையுள்ள லென்ஸும் அதைச் சரிசெய்யாது. காலை வெளிச்சத்தை விட்டுவிடாதீர்கள். போர் விமானத்துக்கு வெளியே சுழலும் விசிறி இல்லை என்பதால் ஷட்டர் வேகத்தைத் தயங்காமல் ஆயிரத்தில் ஒரு பங்கு, இரண்டாயிரத்தில் ஒரு பங்கு என்று வைக்கலாம். பயணிகள் விமானத்தைக் காட்டும் கைபேசிச் செயலிகளில் போர் விமானம் பெரும்பாலும் தெரியாது, காதைத்தான் நம்ப வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்குக் காது மூடி அவசியம். ஆஃப்டர்பர்னர், அதாவது எஞ்சினின் பின்பகுதியில் கூடுதல் எரிபொருளை எரிக்கும் வசதி, அதைப் போட்டுக் கிளம்பும் சத்தம் நெஞ்சில் இடிக்கும், பிஞ்சுக் காது தாங்காது.

வேலிப் பக்கம் ஏணி கொண்டு வரும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். விமான நிலையத்தின் ராணுவப் பகுதி தடை செய்யப்பட்ட இடம், துப்பாக்கி ஏந்திய வீரர் படத்தோடு சிவப்புப் பலகை அங்கே மாட்டியிருக்கும். அனுமதியில்லாமல் அதற்குள் நுழைந்தால் 1959ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனை உண்டு. ட்ரோனை விமான நிலையப் பக்கம் எடுத்துப் போகவே வேண்டாம். காவலர் வந்து நகரச் சொன்னால் விவாதம் செய்யாமல் நகர்ந்துவிடுங்கள். ஒருவர் அடம்பிடித்தால் அந்த இடமே எல்லோருக்கும் மூடிப்போகும்.

சந்திப்பில் எடுத்த ஆட்களின் படங்களுக்குத் தனி ஒழுங்கு உண்டு. முகம் தெரியும் படத்தைப் போடுவதற்கு முன் அவரிடம் கேளுங்கள். நெஞ்சில் உள்ள பெயர்ப் பட்டையை மறைக்கச் சொன்னால் மறையுங்கள். விமானி அறைக்குள் உள்ள கருவிப் பலகையை எடுக்க வேண்டாம் என்றார்கள், நாங்கள் யாரும் எடுக்கவில்லை. விமானங்கள் சொந்தத் தளத்துக்குத் திரும்பிய பிறகே எதையும் வெளியிடுவது என்று எங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டோம், அதை எல்லோரும் காப்பாற்றினார்கள். படைப்பிரிவின் துணிச் சின்னத்தைக் காசு கொடுத்துக் கேட்காதீர்கள். அவர்களே கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், பதிலுக்கு ஒரு நல்ல படத்தை அச்சிட்டு அனுப்புங்கள்.

நாங்கள் விமானத்தின் முன்னால் தரைக் குழுவினரை மட்டும் தனியாக நிற்க வைத்து ஒரு படம் எடுத்தோம். அவர்கள் முதலில் கூச்சப்பட்டு விமானிகளையும் கூப்பிட்டார்கள். விமானிகளே "இது உங்க படம்" என்று விலகி நின்றார்கள். அனுமதி வாங்கித் தந்த நண்பர் வழியாக அதைப் பட்டர்வொர்த்துக்கு அனுப்பியபோது, சார்ஜனிடமிருந்து ஒரே ஒரு வேண்டுகோள் திரும்பி வந்தது: கைபேசியில் வந்தது சுருங்கிவிட்டது, முழு அளவில் வேண்டும், பட்டறைச் சுவரில் மாட்டப் பெரிதாக அச்சடிக்கப் போகிறோம் என்று. ஆகவே நீங்களும் செயலிகள் வழியாக அனுப்பாமல், அசல் கோப்பை அப்படியே பென்டிரைவில் போட்டுக் கொடுத்துவிடுங்கள்.